பாதிப் பொட்டு

அத்தியாயம் 6

மணி ஒன்றே முக்கால். ஐந்து மணிக்குள் படகு கிடைக்காவிட்டால் நிலவனின் பெயர் போலீஸ் புத்தகத்தில் ஏறிவிடும். இந்த நேரம் பார்த்தா சுப்பிரமணியனுக்கு முதுகு பிடித்துக்கொள்ள வேண்டும்?

“டீச்சர், பள்ளம் ஒண்ணு விடாம எறக்கி ஏத்துறீங்களே, ஏதாவது வேண்டுதலா?” என்று பின்சீட்டிலிருந்து முனகினார்.

“வண்டி பழசு சார்,” என்றார் அமிர்தம் டீச்சர், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

நெய்வேலி நகரியத்து ரோட்டில் பள்ளம் இருந்தால்தானே இறக்குவதற்கு? ரோடு ஒழுங்காகத்தான் கிடந்தது. டீச்சரின் வெள்ளை டவேராதான் குதித்தது. போதாக்குறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பக்கவாட்டுக் கண்ணாடி, சைக்கிளில் போன ஒருவரின் தோளை உரசப் பார்த்தது. அவர் திட்டியது உள்ளே வரை கேட்டது.

சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் ராட்சத இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர் சுப்பிரமணியன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்த பொற்கொடியிடம் உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ‘முன்னாடி மண்ணத் தோண்டினேன், இப்ப மனுஷனைத் தோண்டறேன்’ என்று கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். முன்சீட்டில் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த பொற்கொடிக்கு வயது முப்பத்தெட்டு. பேச்சு குறைவு. அந்தக் குறையைச் சுப்பிரமணியன் தனி ஆளாகத் தீர்த்துவைத்தார்.

காணாமல் போனது பதினெட்டு அடி நீள ஃபைபர் படகு. இன்ஜினோடு, இரண்டு சக்கர டிரெய்லரோடு போய்விட்டது. தானே புயலுக்குப் பிறகு சுற்றுவட்டாரத்து ஜனங்களும் நகரியத்து ஊழியர்களும் வெள்ள மீட்பு மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்து வாங்கிய படகு அது. பதினாறாம் பிளாக் கொட்டகையில் நின்றது. எந்த வண்டி அதை இழுப்பது என்று கூட்டம் மேல் கூட்டம் போட்டு, கடைசியில் நிலவனின் பொலிரோவைத் தேர்ந்தெடுத்துக் கொக்கி மாட்டினார்கள்.

படகு போனதோ ஆயுத பூஜைக்கு மறுநாள், பட்டப்பகலில். அன்றைக்கு நகரியத்தில் மொபெட்டிலிருந்து லாரி வரை வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு வரிசையாகச் சுற்றி வரும். அந்த வரிசையில் படகும் பலூன் கட்டிக்கொண்டு ஜோராகப் போயிருக்கிறது. குறைந்தது நாற்பது பேர் பார்த்தார்கள். மன்றத்து ஆள்தான் இழுத்துப் போகிறார் என்று கையும் ஆட்டினார்கள். இழுத்த வண்டி வெள்ளை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. நம்பரை மாலை மறைத்துவிட்டது, கண்ணாடியைப் பலூன் மறைத்துவிட்டது. பொலிரோ என்றார் ஒருவர், சுமோ என்றார் ஒருவர், ஆம்புலன்ஸ் என்று சத்தியம் செய்தார் இன்னொருவர்.

இரண்டு வாரம் கழித்து, இந்த வியாழக்கிழமை, ஞாயிறு முதல் கடலூர்ப் பக்கம் பெருமழை என்று டி.வி.யில் சொன்ன பிறகுதான் கொட்டகையைத் திறந்தார்கள். உள்ளே எலிப் புழுக்கை இருந்தது. படகு இல்லை.

“கொக்கி வெச்ச வண்டி ஒண்ணுதான். அது நிலவன் வண்டி. இதுல துப்பறிய என்ன இருக்கு?” என்றார் மன்றத்துச் செயலாளர் ராஜேந்திரன். ரூல் பேசுகிற மனிதர்.

நிலவன் பதினோரு வருஷமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் டிரைவர். பெர்மனென்ட் லிஸ்டில் இப்போதுதான் பெயர் வந்திருக்கிறது. அடுத்த வாரம் போலீஸ் விசாரணைக் காகிதம் வரும். அந்த நேரத்தில் திருட்டுப் புகார் ஒன்று பெயர் மேல் இருந்தால் பதினோரு வருஷமும் மண்ணாகப் போகும். “திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க, நான் ஆள் வெச்சு விசாரிக்கறேன்” என்று கெஞ்சிப் பொற்கொடியைத் தேடி வந்தவர் மன்றத்து உறுப்பினர் அமிர்தம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தன் டவேராவையே எடுத்துக்கொண்டு வந்து இவர்களை ஊரெல்லாம் கூட்டிப்போனார். நல்ல மனசு என்று சுப்பிரமணியன் நினைத்தார். இன்று பகல் ராஜேந்திரனுக்குப் பொறுமை போயிற்று. திங்கள் இல்லை, இன்று ஐந்து மணி என்று போனில் சொல்லிவிட்டார்.

மந்தாரக்குப்பத்தில் கண்ணையனின் ஒர்க்‌ஷாப். டீச்சர் ரோட்டோரம் வண்டியிலேயே இருந்துகொள்ள, இவர்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

“நான் செஞ்ச கொக்கி ஒண்ணே ஒண்ணு. அதோ கெடக்குது பாருங்க,” என்று கண்ணையன் பழைய இரும்புக் குவியலைக் காட்டினார்.

தடித்த தகடு. அதிலிருந்து நீண்ட கழுத்து பாதியில் அறுபட்டிருந்தது.

“யார் அறுத்தது?” என்றாள் பொற்கொடி.

“நான்தாங்க. செக்ரட்டரி சார் நேத்து வந்து, கயட்டு, கயட்டினத அறுன்னாரு. இனிமே ஒருத்தனும் இத வெச்சு எதையும் இழுக்கக் கூடாதாம். பக்கத்துலயே நின்னுகினு அறுக்க வெச்சாரு.”

“புதுசா ஒண்ணு வேணும்னா?”

“தீவாளி கழிச்சுதாம்மா. பசங்க அத்தினி பேரும் ஊருக்குப் பூட்டானுங்க.”

“சரிண்ணே, ஒரு வண்டியப் படகு இழுக்கத் தயார் பண்ணணும்னா கொக்கி மட்டும் போதுமா?”

கண்ணையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “போதுமாவா? பின்னாடி பாரம் ஒக்காந்தா வண்டி மூக்கத் தூக்கிக்கும், முன்சக்கரம் ரோட்டப் புடிக்காது. அதுக்குக் கமான் ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூட வெக்கணும். காலியா ஓட்டினா குதிக்கும்தான், என்னா பண்றது? படகு வண்டியவிட அகலம், அதனால கண்ணாடிய வெளிய நீட்டணும். பின்லைட்டுக்கு வயர் இழுக்கணும். எல்லாத்துக்கும் மேல பிரேக்கு. எல்லாரும் எந்த வண்டி நல்லா இழுக்கும்னே கேக்கறாங்க. இழுக்கறது பெருசில்லம்மா. நிறுத்தறதுதான் பெருசு.”

பொற்கொடியின் பேனா மூடிச் சத்தம் நின்றது. சுப்பிரமணியன் திரும்பிப் பார்த்தார். அவள் அந்தத் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். தகட்டின் மேல்விளிம்பில் சந்தனம், அதன் மேல் குங்குமம். முழுப் பொட்டு இல்லை. கீழ்ப்பாதி மட்டும் இருந்தது. மேல்பாதி, விளிம்பில் நேராக வெட்டியது போல் இல்லாமல் போயிருந்தது.

“இது என்னண்ணே?”

“பூசை அன்னிக்கு நிலவன் வெச்சது. கொக்கியும் பம்பரும் சேர்ற எடத்துல பெருசா அப்பிட்டான். கயட்டும்போது பாதி இதோட வந்துடிச்சு. மீதி அவன் பம்பர்லயே இருக்குது.”

“இன்னும் துடைக்கலையா?”

“பூசைப் பொட்டப் போயி யாராவது தொடைப்பாங்களா? அதுவா அழிஞ்சாத்தான் உண்டு.”

அவள் கிளம்பிவிட்டாள். சுப்பிரமணியன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

“என்னம்மா, பொட்டப் பார்த்ததும் சாமி வந்துடுச்சா?”

“படகு போனது பூஜைக்கு மறுநாள் காலையில,” என்றாள் பொற்கொடி, குரலைத் தணித்து. “பூஜை அன்னிக்கு எந்த ஒர்க்‌ஷாப்லயாவது ஸ்பானரைத் தொடுவாங்களா?”

“ஸ்பானரே சாமி முன்னாடி பொரி சாப்பிட்டுட்டு இருக்குமே.”

“அப்ப, இழுத்த வண்டியில அதுக்கு முன்னாடியே கொக்கி ஏறியிருக்கணும். கொக்கியோடதான் பூஜை நடந்திருக்கணும். அப்புறம் கொக்கியக் கழட்டிட்டாங்க. ஆனா...”

“பொட்டத் தொடைச்சிருக்க மாட்டாங்க!” சுப்பிரமணியன் கூவிவிட்டார். “அப்ப நாம தேட வேண்டியது பாதிப் பொட்டு வெச்ச இன்னொரு பம்பர்.”

“மெதுவா. வண்டியில இதப்பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

இது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. முப்பத்து நான்கு வருஷம் சூப்பர்வைசர்கள் சொன்னதில் பாதி புரியாமலே வேலை பார்த்தவர் என்பதால் பேசாமல் ஏறிக்கொண்டார்.

“குள்ளஞ்சாவடிக்கு விடுங்க டீச்சர்,” என்றாள் பொற்கொடி.

ஸ்டியரிங் மேல் டீச்சரின் கை ஒரு நொடி நின்றது. “அங்க எதுக்குங்க?”

“சிங்காரவேலைப் பார்க்கணும்.”

டீச்சர் மூச்சுவிட்டு கியரைப் போட்டார்.

வடலூர் தாண்டியதும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒருவரின் படம், காய்ந்த மாலையோடு ஆடிக்கொண்டிருந்தது. சுப்பிரமணியன் வாட்சைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வாட்சைப் பார்த்தார். மூன்று மணி ஐந்து நிமிஷம். ஒரே இடத்தில் உட்காரவும் முடியவில்லை, இறங்கி ஓடவும் முடியவில்லை. நிலவனின் முகம் வேறு கண் முன்னால் வந்து தொலைத்தது. காலையில் பார்த்தபோது அவன் பொலிரோவின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சிங்காரவேல் குள்ளஞ்சாவடி கூட்டு ரோட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். தீபாவளிக்கு மூன்றே நாள். கடைத்தெருவில் பட்டாசுக்கும் துணிக்கும் கூட்டம் நெரிந்தது. தன் சுமோவைத் தேர்ந்தெடுக்காத கோபத்தில், ‘எப்படிப் படகு எடுக்கறீங்கன்னு பாக்கறேன்’ என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டியவர் அவர். இப்போதும் தட்டினார், கல்லாப் பெட்டியை.

“நானா எடுத்தேன்? வாங்க, சுமோவ நல்லாப் பாருங்க!”

சுப்பிரமணியன் குனிந்தார். இடுப்பில் எலும்பு ஒன்று தன் இருப்பைத் தெரிவித்தது. வெள்ளை சுமோவின் பம்பரில் மூன்று பொட்டு. மூன்றும் வட்டமாக, முழுசாக, லட்சணமாக இருந்தன.

“சார் என்னா தேடுறாரு?” என்றார் சிங்காரவேல்.

“என் இளமையைங்க,” என்று சுப்பிரமணியன் நிமிர்ந்தார். அவருக்கு அழுகை வராத குறை. இருந்த ஒரே ஆளும் கைவிட்டுப் போயிற்று.

பொற்கொடி மட்டும் நகரவில்லை. “அந்தக் கூட்டம் எத்தனை நடந்துச்சுங்க?”

“போன வருசம் மூணு. ஒருத்தர் ஜீப்புன்னாரு, நான் சுமோன்னேன், டீசலுக்குக் கணக்கு எப்படின்னு ஒருத்தரு. பேசிக்கினே இருந்தோம். அதுக்குள்ள மழையும் வந்துது, பரவனாறும் ஒடைஞ்சுது. மூணாவது மீட்டிங் அன்னிக்குத்தான் டீச்சரோட அம்மா ஊர்ல...” என்று ரோட்டைப் பார்த்தவர், டவேராவைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். “வுடுங்க. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்குது.”

வெளியே வந்தபோது பொற்கொடியின் போன் அடித்தது. ராஜேந்திரன்தான்.

“நாலு பத்து ஆச்சு. நான் நிலவனைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன். கடைசியாக் கேக்கறேன், ஏதாவது கிடைச்சுதா?”

“அஞ்சு மணின்னு சொன்னீங்க சார். அஞ்சு வரைக்கும் உள்ள போகாதீங்க.” அவள் போனை வைத்துவிட்டுச் சுப்பிரமணியனிடம் திரும்பினாள். “மழை வரும் போலிருக்கு. டீச்சர் வண்டி டிக்கியில குடை இருக்கும். எடுத்துட்டு வாங்க. பொறுமையா எடுங்க.”

பொறுமையாகவா? இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. முணுமுணுத்துக்கொண்டே டவேராவின் பின்னால் போய் டிக்கிக் கதவைத் தூக்கினார். குடை இல்லை. பழைய கால்பந்து ஒன்றும், சுருட்டி வைத்த வயரும், அதன் நுனியில் பிளக்கும் இருந்தன. கதவை இழுத்து மூடியபோது கண் கீழே போயிற்று.

பம்பரின் நடுவில், கீழ் விளிம்பை ஒட்டி, சந்தனமும் குங்குமமும் இருந்தன. மேல்பாதி மட்டும். கீழ்ப்பாதி இருக்க வேண்டிய இடத்தில் நேர்க்கோடு, அதற்குக் கீழே இரண்டு போல்ட் ஓட்டை.

சுப்பிரமணியன் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். காலையிலிருந்து எந்த வண்டியைத் தேடி அலைந்தாரோ அந்த வண்டியின் பின்சீட்டில்தான் அவர் அலைந்திருக்கிறார்!

டீக்கடை வாசலில் நின்ற பொற்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். அவரும் ஏறினார். கதவை மூடியதும் கடைத்தெருச் சத்தம் குறைந்தது.

“டீச்சர், படகு இங்க பக்கத்துல, பரவனாத்தோரம் உங்க அம்மா ஊர்லதான இருக்கு?”

அமிர்தம் டீச்சர் மறுக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார்.

“எப்பத் தெரியும்?” என்றார்.

“சுப்பிரமணி அண்ணன் முதுகுதான் முதல்ல சொல்லிச்சு. காலி வண்டி இந்தக் குதி குதிக்குதுன்னா கமான்ல ஒரு பட்டை கூட. கண்ணாடி ஏன் இவ்வளவு நீட்டம்னு அப்புறம் புரிஞ்சுது. பொட்டு இப்ப அண்ணன் பார்த்தது.”

“கொக்கிய விருத்தாசலத்துல போட்டேன். மறுநாளே கயட்டி வாய்க்கால்ல எறிஞ்சிட்டேன். அப்ப அந்தப் பொட்டு கண்ணுல பட்டுது. தொடைக்கத் துணியும் எடுத்தேன்.” டீச்சர் தலையை ஆட்டினார். “கை வரல.”

டேஷ்போர்டில் இருந்த படத்தைத் தொட்டார். “எங்க அண்ணன். மூணாவது மீட்டிங்ல டீசலுக்குக் கணக்கு பேசிக்கினு இருந்தோம். நானும்தான் பேசிக்கினு இருந்தேன். அப்பத்தான் போன் வந்துது. மாட்ட அவுத்து வுட வெள்ளத்துல எறங்கினவரு ஏறல. நாங்க பேசிக்கினு இருந்த எடத்துல இருந்து பத்தடி தள்ளி, படகு தார்ப்பாய் போத்திக்கினு நின்னுது. இந்த வருசம் ஆத்தோரத்துலயே வெச்சிடலாம் சார்னு கேட்டேன். ரூல்ல எடமில்லன்னாரு செக்ரட்டரி.”

சுப்பிரமணியன் படத்திலிருந்த மீசைக்காரரைப் பார்த்தார். ஆனால் நிலவனை நினைத்ததும் கோபம் வந்தது. “அதுக்கு அந்தப் பையனை மாட்டிவிடறதா டீச்சர்?”

“சத்தியமா நெனைக்கல சார். வியாழக்கெழம அவன் பேரச் சொன்னப்ப வாயத் தொறந்திருக்கணும். தொறந்தா அன்னிக்கே படக இழுத்துக்கினு வந்துடுவாங்க. ஞாயித்துக்கெழம மழைன்னாங்க. ரெண்டு மூணு நாள் தள்ளிட்டா போதும்னு...”

“அதுக்குத்தான் எங்களைப் பிடிச்சீங்க,” என்றாள் பொற்கொடி.

“அப்ப, நாங்க கெட்டிக்காரங்கன்னு நீங்க வரலையா?” சுப்பிரமணியனுக்கு இது புது அடி.

“பஜார்ல விசாரிச்சேன் சார். நல்லவங்க, ஆனா கொஞ்சம் மெதுவான்னு சொன்னாங்க.”

சுப்பிரமணியன் வாட்சைப் பார்த்தார். மணி நாலு நாற்பது.

“இன்னும் ரெண்டே நாளு பொற்கொடி. எங்கம்மா அங்கதான் இருக்குது. மழ முடிஞ்சதும் நானே போயி ஒப்புக்கறேன்.”

“ரெண்டு நாள்ல நிலவன் பேரு புத்தகத்துல ஏறிடும். அப்புறம் நீங்க ஒப்புக்கிட்டாலும் அது இறங்காது.” பொற்கொடி தன் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். “இழுக்கறது பெருசில்ல, நிறுத்தறதுதான் பெருசுன்னு கண்ணையன் அண்ணன் சொன்னாரு. நீங்க இழுத்துட்டீங்க டீச்சர். இப்ப நிறுத்துங்க.”

டீச்சர் போனைப் பார்த்தார், அண்ணன் படத்தைப் பார்த்தார். கண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது. துடைக்காமலே போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டார்.

“சார், அமிர்தம் பேசறேன். படகு எங்கிட்டதான் இருக்குது. நான்தான் எடுத்தேன். நெலவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்டேஷனுக்குள்ள போவாதீங்க.”

அந்தப் பக்கம் ராஜேந்திரன் குதித்த குதியில் போன் அதிர்ந்தது. நம்பிக்கைத் துரோகம் என்றார், பள்ளிக்கூடத்துக்கு எழுதிப்போடுவேன் என்றார். கடைசியில், “ஒரு மணி நேரத்துல படகு கொட்டகைக்கு வந்தாகணும்!” என்றார்.

“எங்கிட்ட இப்ப கொக்கி இல்ல சார்.”

“நிலவன் வண்டியை அனுப்பறேன், அதுல...” என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

“அந்தக் கொக்கியை நேத்து நீங்களே பக்கத்துல நின்னு அறுக்க வெச்சீங்க சார்,” என்று சுப்பிரமணியன் பின்னாலிருந்து பணிவாக ஞாபகப்படுத்தினார். “புதுசு தீபாவளி கழிச்சுதானாம். எந்த வண்டில இழுக்கலாம்னு ஒரு மீட்டிங் போடுங்களேன்.”

ராஜேந்திரன் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். பிறகு ஏதோ உரசும் சத்தம், போன் கைமாறியது.

“டீச்சர்.” நிலவனின் குரல். “ரெண்டு நாளா எங்கம்மா வூட்ல அடுப்பு மூட்டல. வியாழக்கெழம அவரு என்னைத் திருடன்னு சொன்னப்ப நீங்க என் பக்கத்து நாற்காலிலதான் ஒக்காந்துகினு இருந்தீங்க.”

“ஆமாப்பா,” என்றார் டீச்சர்.

முன்கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. பட்டாசுக் கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

“டிரெய்லர் சக்கரத்துக்கு அண்டக் குடுத்திருக்கீங்களா?” என்றான் நிலவன்.

“கட்டை வெச்சிருக்கேன்.”

“மண்ணு ஊறிட்டா கட்டை நிக்காது, படகு தானா ஆத்துல எறங்கிடும். பெரிய கல்லா வைங்க. இப்பவே போயி வைங்க.” அவன் போனை வைத்துவிட்டான்.

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பொற்கொடி அவர் தோளில் கை வைத்தாள்.

பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சுப்பிரமணியன் மழையில் இறங்கி, டீக்கடை ஓரமாகக் கிடந்த கருங்கல் ஒன்றைத் தூக்கி வந்து டிக்கியில் வைத்தார். திரும்பிப் போய் இன்னொன்றையும் தூக்கினார். முதுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.